கேட்டு வீட்டுக் கல்யாணம்

ரயில் கேட்டை ஒட்டிய வீட்டில் வளர்ந்தவளுக்கு ரகசியம் என்று ஒன்று இருக்க முடியாது. என் அப்பா கேட்டுக்காரர். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளான் பக்கம் வண்டிகள் போகிற சடக்கை ரயில் பாதை வெட்டும் இடத்தில், கேட்டுக்கு இந்தப் பக்கம், ஒற்றை அறையும் சமையல் கட்டுமாக எங்களுக்கு ஒரு வீடு கொடுத்திருந்தார்கள். முன்னால் சடக்கு, பக்கத்தில் தண்டவாளம், பின்னால் சாக்கடை. எந்தப் பக்கம் காலை வைத்தாலும் வண்டியில் முட்ட வேண்டும், அல்லது ரயிலில் முட்ட வேண்டும், அல்லது சாக்கடையில் விழ வேண்டும். பெண் பிள்ளையை வளர்க்க இதைவிடப் பத்திரமான ஜெயில் கிடைக்காது.

ஸ்டேஷனிலிருந்து மணி வந்தால் அப்பா கேட்டை அடைப்பார். ரயில் போய் மறுமணி வந்தால்தான் திறப்பார். அடைத்த உடனே மாட்டுவண்டி, ரிக்‌ஷா, சைக்கிள், மோட்டார் காடி எல்லாம் எங்கள் வாசலில் வந்து நிற்கும். நிற்கிறவர்களுக்கு வேறு வேலை என்ன இருக்கிறது? எங்கள் வீட்டைப் பார்ப்பார்கள். அம்மா சன்னலுக்குக் கோணித் திரை போட்டாள். அதற்குப் பிறகு பார்க்கிற ஆசை கூடியதே தவிரக் குறையவில்லை. உள்ளே என்ன குழம்பு என்று மணத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள். நான் வயசுக்கு வந்தபோது மூலையில் ஓலை மறைப்புக் கட்டியிருந்ததைக் கவனித்துவிட்டு, செங்கல் ஏற்றிவரும் வண்டிக்காரர் ஒருவர் அப்பாவிடம் போய், சந்தோசம் அண்ணே என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் நல்ல மனிதர்தான். எனக்குத்தான் செத்துப் போகலாம் போல இருந்தது.

தினமும் சைக்கிளில் வருகிற யாழ்ப்பாணத்துக் கிளார்க் ஒருவர் உண்டு. அரசாங்க ஆபீஸ், கையில் குடை, பையில் சங்கிலி போட்ட கடிகாரம். கேட்டு அடைத்ததும் கடிகாரத்தை எடுத்துப் பார்ப்பார், திறந்ததும் மறுபடி பார்ப்பார், இவ்வளவு நேரம் வீணாய்ப் போனது என்று அப்பாவிடம் சத்தமாகச் சொல்வார். அப்பா ரயிலைக் கையில் பிடித்து வைத்திருந்ததைப் போல. அப்பா சண்டைக்குப் போக மாட்டார். கிளார்க்குக்கும், காடியில் இருக்கும் துரைக்கும், தலையில் கூடையோடு நிற்கும் கிழவிக்கும் அவரிடம் ஒரே பதில்தான். மணி வரலே.

காடிகள் பெருகப் பெருக வரிசை நீண்டுகொண்டே போனது. வரிசை என்று சொல்வதே பொய். நம் ஆட்களுக்கு ஒருவர் பின்னால் ஒருவர் நிற்பது பிடிக்காது. கேட்டு அடைத்ததும் பின்னால் வருகிறவன் முன்னால் நிற்பவனுக்கு வலது பக்கத்தில் நுழைவான், அவனுக்குப் பக்கத்தில் இன்னொருவன், இப்படியே சடக்கின் முழு அகலத்தையும் அடைத்துக்கொள்வார்கள். எதிர்ப் பக்கத்திலும் அதே கூத்து. கேட்டைத் திறந்தால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பாய்ந்து, நடுத் தண்டவாளத்தில் மூக்கோடு மூக்கு முட்டி நிற்கும். அப்புறம் யார் பின்னால் போவது என்று சண்டை. தினமும் நடக்கிறது, தினமும் திட்டுகிறார்கள், மறுநாள் அதே ஆள் அதே இடத்தில் வந்து நுழைகிறான். அதற்கும் அப்பாவுக்குத்தான் ஏச்சு.

அப்போதுதான் சடக்கை அகலமாக்கி, ரயிலுக்கு மேலே பாலம் போடப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து கேட்டில் நின்றவர்களுக்குப் பேச வேறு விஷயமே இல்லை. கிளார்க், இனி ஆபீஸுக்கு நேரத்துக்குப் போகலாம் என்று பிரசங்கமே செய்தார். செங்கல் வண்டிக்காரருக்குக் கவலை. பாரம் ஏற்றின மாடு பாலத்து மேட்டில் ஏறுமா, ஏறினாலும் இறக்கத்தில் யார் பிடிப்பது என்று கேட்டார். எதிர்ச் சாரிக் கடைக்காரருக்கு வயிறு எரிந்தது. கேட்டில் நிற்கிற கூட்டம்தான் அவரிடம் வெற்றிலையும் பீடியும் வாங்கும் கூட்டம். பாலத்து மேல் பறக்கிறவன் இறங்கி வந்தா வெற்றிலை வாங்குவான்? இந்த வேலையால் வீட்டை இழக்கப் போகிற எங்களை மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

பாலம் வந்தால் கேட்டு போகும், கேட்டு போனால் வீடும் போகும். அம்மா அழுதாள். நான் சந்தோஷத்தில் துள்ளினேன். எங்கே மாற்றினாலும் சரி, ஏதாவது ஒரு கிராமத்துக் கம்பத்தில், நாலு பக்கமும் மரம் மட்டும் பார்க்கிற வீட்டில் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். அதுதான் என் ஆசை. வேறு பெரிய ஆசை எதுவும் எனக்கு இருந்ததில்லை.

வேலை தொடங்கிற்று. இரண்டு பக்கமும் செம்மண்ணைக் கொட்டி மேடு எழுப்பினார்கள். மேட்டுக்கு இடம் எடுத்தது போக, பழைய சடக்கில் பாதிதான் மிஞ்சியது. ஓரத்தில் கல் குவியல்கள், அவற்றுக்கு நடுவே கல்லை அமுக்கும் ரோட்டு இஞ்சின் ஒன்று அசையாமல். முன்பு விசாலமாக அடைத்துக்கொண்டவர்கள் இப்போது நெருக்கி அடைத்துக்கொண்டார்கள். கொஞ்ச நாள்தானே என்று வேலையாட்களை மேய்க்கிற மண்டோர் எல்லாருக்கும் சமாதானம் சொன்னார். அந்தச் சமயத்தில் ரப்பர் விலை விழுந்தது, ஈயம் விழுந்தது. மண் வெட்டிய ஆட்களில் பாதிப் பேரைக் கப்பல் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். மண்டோரும் ஒருநாள் வரவில்லை. வேலை நின்றது.

இரண்டு மேடும் அப்படியே கிடந்தன, நடுவில் பாலம் மட்டும் இல்லை. எங்கள் பக்கத்து மேடு கூரைக்கு மேலே உயர்ந்து நின்றது. காலை வெயில் போயிற்று, காற்றும் போயிற்று. மழை பெய்தால் செம்மண் கரைந்து வாசல்படியில் வந்து படியும். மேட்டில் லாலாங் புல் ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. முன்பு ஊர் ஜனம் பக்கத்திலிருந்து எங்களைப் பார்த்தது, இப்போது பையன்கள் மேட்டில் ஏறி மேலிருந்தும் பார்த்தார்கள். நமக்குக் கிடைத்த அபிவிருத்தி இதுதான். எனக்கு நிஜமாகவே மூச்சு முட்டியது. அடுப்படியில் உட்கார்ந்து காரணம் சொல்லத் தெரியாமல் அழுவேன், அம்மா விறகு ஈரம் என்று நினைத்துக்கொள்வாள்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயசு. அந்தக் காலத்துக் கணக்கில் முற்றின கத்திரிக்காய். பெண் பார்க்க வந்த ஓரிரண்டு பேரும், ரோட்டோரப் பெண், ஊரே பார்த்த பெண் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். இந்த நிலையில்தான் கிள்ளானிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை லோரி ஓட்டுகிறவர். ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு இந்தக் கேட்டில் எத்தனையோ முறை நின்றிருக்கிறார். பெயரைச் சொன்னால் எனக்கு ஆளைத் தெரிந்திருக்காது. லோரியைச் சொன்னதும் தெரிந்துவிட்டது. கேட்டில் நிற்கிறவர்களிலேயே அவர் ஒருவர்தான் எங்கள் வீட்டைப் பார்க்க மாட்டார். திரும்ப இடமில்லாத அந்த நெருக்கடியில், ஸ்டியரிங்கை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கோணி ஓட்டை வழியாக நான்தான் அவரைப் பார்த்திருக்கிறேன்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு மட்டும் மனசில்லை. மகன் பிடிவாதத்துக்காகத் தலையை ஆட்டினார். ஆனி கடைசி முகூர்த்தம், ஒன்பதுக்கு மேல் பத்தரைக்குள். அது தவறினால் ஆடி பிறந்துவிடும், ஆடியில் கல்யாணம் கிடையாது. இடையில் ஏதாவது தடை வந்தால் அதையே சாக்கு வைத்து அந்த அம்மா கையைக் கழுவிவிடுவார் என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பந்தல் வரை வந்து நின்ற கல்யாணத்துக்குப் பிறகு என்னைக் கேட்டு எவன் வருவான்? அந்தக் கேட்டுக்கும் மண் மேட்டுக்கும் இடையிலேயே எனக்கு நரைத்துவிடும். அன்று காலை தலையில் பூ வைக்கும்போது எனக்குக் கல்யாண நினைப்பே இல்லை. கேட்டைத் தாண்டிப் போகிற நினைப்பு ஒன்றுதான்.

வீட்டுக்குப் பக்கத்தில் மேட்டடியில் சின்னப் பந்தல். அப்பாவுக்கு அன்று லீவு, மாற்றாள் வருவதாக ஏற்பாடு. விடிந்ததும் செய்தி வந்தது, மாற்றாளுக்குக் குளிர் காய்ச்சலாம். பட்டுக்கரை வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாக இருந்த அப்பா, கொடிகளை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டுக்குப் போனார். தாரை வார்க்கச் சித்தப்பா இருக்கிறார், கேட்டைப் பார்க்க வேறு யாரும் இல்லை என்றார்.

மாப்பிள்ளை வீட்டார் லோரியில் வந்தார்கள். வாழைக்கன்றும் தென்னங்குருத்துத் தோரணமும் கட்டின லோரி, பின்னால் நாதஸ்வரமும் தவிலும், முழுக்கச் சொந்தக்காரர்கள். வண்டி சீன முதலாளி தவுக்கேயுடையது. வேறு யார் கையிலும் ஸ்டியரிங்கைக் கொடுக்கக் கூடாது என்று தவுக்கே சொல்லிவிட்டதால், மாப்பிள்ளையே மாலையும் தலைப்பாகையுமாகக் கிள்ளானிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தார். பக்கத்தில் அவர் அம்மா. நெருக்கடியில் ஊர்ந்து ஊர்ந்து அவர்கள் கேட்டுக்கு முன்னால் வந்து சேர்ந்தபோது மணி பத்தை நெருங்கிவிட்டது. நாதஸ்வரச் சத்தம் கேட்டு நான் கோணியை விலக்கினேன். கேட்டுக்கு அந்தப் பக்கம் லோரியின் மூக்கு தெரிந்தது. ஸ்டேஷன் மணி அடித்தது.

அப்பா கேட்டை அடைத்தார்.

இரண்டு பக்கமும் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ரயில் கண்ணுக்கே தெரியவில்லையே, ஒரு லோரி தாண்ட எவ்வளவு நேரம் ஆகும் என்றார்கள். செங்கல் வண்டிக்காரர் அப்பா பக்கத்தில் வந்து நின்றார்.

"ஒங்க மக கல்யாணம்லா அண்ணே. ஒரு வண்டிய மட்டும் விடுங்க."

"மணி வரலே," என்றார் அப்பா.

அந்த நிமிஷம் நான் அவரை வெறுத்தேன். இத்தனை வருஷம் ஊரார் அவரை ஏசினதெல்லாம் சரிதான் என்று தோன்றியது.

கூட்ஸ் ரயில் ஒன்று ஆடி அசைந்து போயிற்று. மறுமணி வரவில்லை. எதிர்ப்பக்கத்து மெயில் வர வேண்டியிருக்கிறது, அது போனால்தான் திறப்பு. பக்கத்தில் ஆள் நடந்து போகிற சின்னக் கேட்டு உண்டு. அம்மா ஆரத்தித் தட்டோடு அதன் வழியாக ஓடினாள். ஆரத்தி எடுக்காமல் மாப்பிள்ளை மண்ணில் கால் வைக்கக் கூடாது, இங்கேயே எடுத்துவிட்டால் அவர் நடந்து வந்துவிடலாம் என்பது அம்மாவின் யோசனை. மாப்பிள்ளையின் அம்மா மறித்துவிட்டார். ஆரத்தி பந்தல் வாசலில் எடுப்பது, நடுச் சடக்கில் எடுக்க என் மகன் என்ன அனாதையா என்று கேட்டாராம். அம்மா தட்டோடு அப்படியே திரும்பி வந்தாள். ஆரத்தித் தண்ணீர் பாதிக்கு மேல் சிந்தியிருந்தது.

இதைவிட மோசமானதைக் கிளார்க் கொண்டுவந்தார். அவர் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு, சைக்கிளைத் தோளில் தூக்கிச் சின்னக் கேட்டு வழியாக வந்திருந்தார். பழக்க தோஷம், கையில் கடிகாரம். மாப்பிள்ளையின் அம்மா சொன்னதை அப்படியே ஒப்பித்தார். மூஞ்சியில் கேட்டை அடைத்துவிட்டுப் பெண் கொடுக்கிற வீடு நமக்கு வேண்டாம், இது தெய்வம் காட்டின தடை, வண்டியைத் திருப்பு என்று சொல்லிவிட்டாராம்.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளை என்ன சொன்னார் என்று கேட்டது நான்தான். மணப்பெண் அப்படிக் கேட்கக் கூடாது, இருந்தாலும் கேட்டேன்.

"எங்கேம்மா திருப்புறதெண்டு கேட்டார், பிள்ளை," என்றார் கிளார்க். "பின்னாலே மாட்டுவண்டி, வலப்பக்கம் காடி, இடப்பக்கம் மண் மேடு. லோரி அசைய ஏலாது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பந்தலில் இருந்த பெண்கள் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதாக நினைத்தார்கள். அப்படி ஒன்றும் இல்லை. என்னைப் பத்தொன்பது வருஷம் அடைத்து வைத்திருந்த நெருக்கடி, அந்த அம்மாவையும் அடைத்து வைத்துவிட்டது. எங்களைப் பிடிக்காவிட்டாலும் அவரால் போக முடியாது. கிளார்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் கால் மணித்தியாலம்தான் கிடக்கு என்றார். வாழ்க்கையில் ஒருமுறையாவது அவர் நேரம் சொன்னது உபயோகப்பட்டது.

நான் எழுந்தேன். பெண் மாப்பிள்ளையைத் தேடி நடக்கிற வழக்கம் எங்கும் கிடையாது என்று சித்தி கையைப் பிடித்தாள். உதறிவிட்டு நடந்தேன். கட்டின பட்டோடு, தலை நிறையப் பூவோடு, ஊர் முழுக்கப் பார்க்க வாசலுக்கு வந்தேன். பார்க்கட்டும், இனிப் பார்க்க என்ன மிச்சம் இருக்கிறது? சின்னக் கேட்டுக்குப் பக்கத்தில் அப்பா நின்றார். அந்த வழியாக ஓடுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது, கத்துவார். என்னைப் பார்த்தார். கண்ணுக்கு மேல் கையை வைத்துத் தண்டவாளத்தில் இந்தக் கோடியும் அந்தக் கோடியும் பார்த்தார்.

"சீக்கிரம் போயிடு. மெயில் வர்ற நேரம்."

நான் தாண்டினேன். என் பின்னால் ஓமச்சட்டியோடு பண்டாரம், தாம்பாளங்களோடு பெண்கள், சித்தப்பா, அம்மா. அம்மா மட்டும் ஒரு நொடி நின்று அப்பாவின் இடது கையில் ஒரு பிடி மஞ்சள் அரிசியைத் திணித்துவிட்டு வந்தாள்.

லோரிக்கு முன்னால் போய் நின்றேன். மாப்பிள்ளை வழக்கம்போல ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார், காது மட்டும் சிவந்திருந்தது. நான் பேசியது அவரிடம் அல்ல. நிமிர்ந்து அவர் அம்மாவைப் பார்த்தேன்.

"நீங்க இந்தப் பக்கம் வரவும் முடியாது அத்தை, திரும்பிப் போகவும் முடியாது. அதான் நான் வந்துட்டேன்."

அவர் பின்னால் திரும்பி வண்டிகளைப் பார்த்தார், மண் மேட்டைப் பார்த்தார், என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் கண்ணைத் தாழ்த்தவில்லை. பயம் இல்லாமல் இல்லை. கடைசியில், எறங்குடா என்று மகனிடம் சொன்னார். அம்மா மிச்சம் இருந்த தண்ணீரில் ஆரத்தி சுற்றினாள்.

பாலத்துக்கென்று கொண்டுவந்து போட்ட பலகைகளில் இரண்டை இழுத்துப் போட்டு எங்களை உட்கார வைத்தார்கள். மாட்டுவண்டிக்காரர்கள் இறங்கி வந்து சுற்றி நின்றார்கள். காடியில் இருந்த துரைகூடத் தொப்பியைக் கழற்றினார். சித்தப்பா தாரை வார்த்தார். கெட்டிமேளம் என்று பண்டாரம் கையைத் தூக்கியதும், மெயில் ரயில் வந்துவிட்டது. தவிலும் கேட்கவில்லை, நாதஸ்வரமும் கேட்கவில்லை. தாலி என் கழுத்தில் ஏறியபோது நான் அப்பாவைத்தான் தேடினேன். எனக்கும் அவருக்கும் நடுவில் பெட்டி பெட்டியாக ரயில் ஓடிக்கொண்டிருந்தது. சக்கரங்களுக்குக் கீழே அந்தப் பக்கம் நின்ற வெள்ளை வேட்டியின் கரை மட்டும் விட்டு விட்டுத் தெரிந்தது. ரயில் போய் முடிந்தபோது எல்லாரும் அரிசி போட்டு முடித்திருந்தார்கள்.

அதன் பிறகு மறுமணி வந்தது, கேட்டு திறந்தது. இரண்டு பக்கமும் பாய்ந்து முட்டிக்கொண்டார்கள், அதுவும் நடந்தது. எப்படியோ பந்தலுக்கு வந்து சாப்பிட்டார்கள். அப்பாவுக்குப் பந்தியில் உட்கார முடியவில்லை, மணி மேல் மணி வந்துகொண்டிருந்தது. வெயில் சாயும் முன்னால் கிள்ளான் போய்ச் சேர வேண்டும் என்று என்னை லோரியில் ஏற்றினார்கள், முன் இருக்கையில், மாப்பிள்ளைக்கும் மாமியாருக்கும் நடுவில். நாலடி நகரவில்லை, கேட்டு அடைத்துவிட்டது.

லோரி எங்கள் வீட்டு வாசலில் நின்றது. அவ்வளவு உயரத்திலிருந்து நான் அந்த வீட்டைப் பார்த்ததே இல்லை. பந்தியில் விரிக்க ஆள் உட்காரக் கோணித் திரையைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். உள்ளே எல்லாம் தெரிந்தது. அடுப்பு, என் பாய், என் பழைய பாவாடை தொங்கிய கொடி. அதற்குக் கீழே அம்மா தனியாக உட்கார்ந்து வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தாள். எனக்கு இறங்கி ஓட வேண்டும் போல இருந்தது. அழுகிற இடத்தில் ஒருத்தி நம்மைப் பார்த்துவிட்டாள் என்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் முகத்தைத் திருப்பி ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ரயில் போயிற்று. மறுமணி வந்தது. அப்பா கேட்டைத் திறந்தார். லோரி அவரைத் தாண்டும்போது, பச்சைக் கொடி பிடித்த வலது கையை அசைக்காமல், இடது கையை வீசினார். காலையிலிருந்து அந்த உள்ளங்கையிலேயே கிடந்து வியர்வையில் கட்டிப்போன மஞ்சள் அரிசி வந்து என் மடியில் விழுந்தது. நான் எட்டிப் பார்ப்பதற்குள் பின்னால் காடிகள் ஹாரன் அடித்தன. அடுத்த மணி அடித்துவிட்டது போலிருக்கிறது. திரும்பிப் பார்த்தபோது அவர் கேட்டை அடைத்துக்கொண்டிருந்தார்.